வலப்பக்கம் நகர்ந்த விளக்கு

என் அத்தானைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் இயற்பியல் பேராசிரியர். நான் அதே கல்லூரியில், அதே துறையில், ஆய்வகச் சாமான் அறையைப் பார்த்துக்கொள்பவன். லென்ஸ், கம்பிச் சுருள், பேட்டரி, கால் உடைந்த ஸ்டூல் எல்லாம் என் பொறுப்பு. அவர் என் அக்காவைக் கட்டியவர் என்பதால் அவரும் என் பொறுப்புதான் என்று கல்லூரியில் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

காலையில் பூட்டைத் திறப்பதற்குள் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்.

"என்னப்பா, உங்க அத்தான் நேத்து எந்தப் பேயோட பேசினாராம்?"

"ஸ்டோர்ல பல்பு இருக்கா, இல்ல அதையும் பேய் தூக்கிட்டுப் போயிடுச்சா?"

நானும் சிரித்து வைப்பேன். முறைத்தால் இன்னும் ஜாஸ்தியாகும். ஆனால் உள்ளுக்குள் கூனிக் குறுகிப் போய்விடும். பையன்கள் அவருக்கு 'பேய் சார்' என்று பேர் வைத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. புதிதாகச் சேருகிறவனுக்கு அவருடைய சொந்தப் பேர் தெரியுமோ தெரியாதோ, இந்தப் பேர் முதல் நாளே தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் மனுஷர் பேயைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. உலோகங்களை நடுங்க நடுங்கக் குளிரவைத்து, அதில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று அளந்துகொண்டிருந்தவர். நாலு பேர் மதித்தார்கள். அப்போது எங்கள் துறையில் ஒரு மூத்த பேராசிரியர் இருந்தார். அவர் ஆய்வகத்துக்குள் கால் வைத்தால் போதும், ஏதாவது ஒரு கருவி படுத்துவிடும். முள் அசையாது, பம்பு நின்றுவிடும், கண்ணாடிக் குழாய் விரிசல் விடும். எல்லாரும் அவர் ராசி அப்படி என்று கேலி செய்தார்கள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை.

"நிஜமாவே அப்படி நடக்குதா, இல்ல நமக்குத்தான் அப்படித் தோணுதா? எண்ணிப் பார்த்தா தெரிஞ்சுடப்போகுது" என்றார்.

வினை அங்கேதான் பிடித்தது. எண்ண ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மனசு வெளியில் இருக்கிற ஒரு பொருளைத் தொடாமல் அசைக்குமா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. உலோகங்களை அப்படியே போட்டுவிட்டார்.

அதற்காக ஒரு பெட்டி செய்தார். செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். முன்பக்கத்தில் ஒரு வரிசைச் சின்ன விளக்குகள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் எரியும். உள்ளே இருக்கிற மின்சுற்று தன் இஷ்டத்துக்கு இடமோ வலமோ சொல்ல, வெளிச்சம் ஒரு படி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரும். எந்தப் பக்கம் என்று கடவுளுக்கே தெரியாது என்பார். எதிரில் உட்கார்ந்திருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு, 'வலதுக்குப் போ, வலதுக்குப் போ' என்று மனசுக்குள் நினைக்க வேண்டும். உட்கார்ந்து எழும்போது வெளிச்சம் நடுவுக்கு வலப்பக்கம் இருந்தால் வெற்றி, இடப்பக்கம் இருந்தால் தோல்வி. மனசுக்குச் சக்தி இல்லை என்றால் இரண்டும் பாதிக்குப் பாதி வர வேண்டும்.

கல்லூரியில் பாதிக்குப் பாதிதான் வந்தது. அதே பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சாயங்காலங்களில் உட்கார்ந்தார். வலது! மாதக்கணக்காக, வருஷக்கணக்காக, வலதுதான் ஜாஸ்தி. மேலே இருக்கிற மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார். பெட்டியைத் தலைகீழாக வைத்துப் பார்த்தார். புதிதாக இன்னொரு பெட்டியே செய்து பார்த்தார். ஊஹும், வலதுதான்.

"காலேஜ்ல எல்லாரும் கேலி பண்றாங்க. அந்த எண்ணமே மனசைக் கலைச்சுடுது. வீட்டுல மனசு அமைதியா இருக்கு, மாப்ள. அதான் வித்தியாசம்" என்று என்னிடம் சொல்வார். இதை எழுதி எங்கோ வெளிநாட்டில் ஒரு சின்னப் பத்திரிகையில் போட்டும்விட்டார்.

என் அக்காவுக்கு இதெல்லாம் ஒன்றும் புரியாது. ஆனால் பெருமைக்குக் குறைச்சல் இல்லை. "காலேஜ்ல ஒண்ணும் நடக்கலையாம். என் வீட்டுல வெச்சாத்தான் அது பேச்சு கேக்குதாம்" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். போதாதா? பத்திரிகையில் வந்தது பாதி, அக்கா சொன்னது பாதி என்று ஊருக்குள் பரவி, ஒருநாள் நன்றாக உடுத்திய ஒரு பெண்மணி என் சாமான் அறை ஜன்னலில் வந்து நின்றார். செத்துப்போன கணவர் பீரோ சாவியை எங்கே வைத்தார் என்று பேய் சாரிடம் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அத்தான் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஸ்டோர்ல ஸ்க்ரூடிரைவர் இருக்குல்ல, மாப்ள? போய் அவங்களுக்குப் பீரோவைத் திறந்து குடுத்துட்டு வா."

போனேன். திறந்தும் கொடுத்தேன். அடுத்த வாரம் அந்த அம்மாள் வந்து, பேய் அனுப்பிய ஆள் நல்ல வேலைக்காரன் என்று எங்கள் துறைத் தலைவர் ஹெட்டிடமே சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் கொஞ்ச நாளைக்கு என்னையும் சின்னப் பேய் என்று கூப்பிட்டார்கள்.

அத்தான் ஓய்வு பெறப்போகிற வருஷம், அதுவரை நடக்காதது நடந்தது. எங்கள் கல்லூரியில் ஆண்டுக்கு ஒரு முறை ஆசிரியர் ஒருவர் எல்லாத் துறைகளுக்கும் சேர்த்துப் பெரிய அரங்கில் பேசுவார். அது ஒரு கௌரவம். எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள், அத்தானை மட்டும் யாரும் கூப்பிட்டதில்லை. அந்த வருஷம் முதல்வர் என்ன நினைத்தாரோ, "போறதுக்கு முன்னாடி நீங்க பேசிட்டுப் போங்க சார்" என்றுவிட்டார். சிரித்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் நிமிர்ந்து நின்று, தன் வாழ்நாள் வேலையைச் சொல்ல ஒரே ஒரு வாய்ப்பு. அக்கா அன்றைக்கே புதுத்துணி எடுக்கக் கிளம்பிவிட்டாள். நானும், பொய் சொல்வானேன், இனிமேல் கேலிப் பேச்சு அடங்கும் என்று நம்பினேன்.

மனுஷர் அதோடு சும்மா இருந்திருக்கலாம். "மேடை ஏறுறதுக்கு முன்னாடி வெளியாள் ஒருத்தர் வந்து சரிபார்க்கணும்" என்று அவரே வேறொரு ஊரிலிருந்து புள்ளியியல் ஆசிரியை ஒருவரை வரவழைத்தார். சின்ன வயசுப் பெண். மெதுவான பேச்சு. கேள்வி மட்டும் ஊசி மாதிரி.

அன்று சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். அத்தான் மேஜையில் பெட்டியின் முன் உட்கார்ந்தார். அவர் முகம் சமையலறை வாசலைப் பார்த்து இருக்கும். விளக்குகள் அவர் பக்கம் திரும்பியிருக்கும். சமையலறையிலிருந்து பார்த்தால் பெட்டியின் முதுகுதான் தெரியும். அந்தப் பெண் அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வெளிச்சம் இடப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே தவித்தது. அப்புறம் திரும்பி வந்தது, நடுவைத் தாண்டியது. அத்தான் முகம் மலர்ந்தது. உள்ளிருந்து அக்கா குரல் வந்தது.

"சாப்பிட வாங்க!"

அத்தான் பெட்டியை அணைத்துவிட்டு, "பார்த்தீங்களா? வலது" என்றார்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"சார், காலேஜ்ல உட்கார்ந்தீங்களே, அப்ப எப்ப நிறுத்துவீங்க?"

"பெல் அடிச்சா."

"வீட்டுல?"

"இவ கூப்பிட்டா. மனசைக் கடிகாரத்துல கட்டிப்போடக் கூடாது பாருங்க. தானா நிக்கணும். அதனால நேரம்னு ஒண்ணு வெச்சுக்கலை."

அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "நீங்க எப்பக்கா கூப்பிடுவீங்க?"

அக்காவுக்கு இப்படி ஒருவர் தன்னை மதித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே குஷியாகச் சொன்னாள்.

"இவர் முகத்தைப் பார்த்துத்தான்! மூஞ்சி தொங்கிட்டு இருந்தா நான் கூப்பிடவே மாட்டேன். அப்படியே வந்து உட்கார்ந்தார்னா தட்டை முறைச்சுக்கிட்டே இருப்பார், ரெண்டு வாய்கூட உள்ள போகாது. கொஞ்சம் முகம் தெளியட்டும்னு அடுப்பைச் சின்னதா வெச்சுட்டுக் காத்துட்டு இருப்பேன். எப்பச் சிரிக்கிறாரோ, அப்பக் கூப்பிட்டுடுவேன். அன்னைக்கு நல்லாச் சாப்பிடுவார்."

நான் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அத்தானைப் பார்த்தாள். அத்தான் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்குப் புரிய நேரமானது. அந்தப் பெண்தான் பிறகு வாசலில் வைத்து விளக்கினாள். வெளிச்சம் தன் இஷ்டத்துக்கு அலைகிறது. கொஞ்ச நேரம் இடது, கொஞ்ச நேரம் வலது. வலது வரும்போது இவர் சிரிக்கிறார். சிரிக்கும்போது அக்கா கூப்பிடுகிறாள். கூப்பிட்டதும் ஆட்டம் முடிகிறது. இடப்பக்கம் இருக்கும்போது யாரும் முடிப்பதே இல்லை. பிறகு வலது ஜாஸ்தியாக வராமல் என்ன செய்யும்? கல்லூரியில் மணி யார் முகத்தையும் பார்த்து அடிப்பதில்லை. அதனால் அங்கே பாதிக்குப் பாதி. மனசு இல்லை, சக்தி இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு பெண் தன் புருஷன் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று நல்ல நேரம் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

"நான் என்னடா தப்பாச் சொல்லிட்டேன்?" என்று அக்கா சமையலறையில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தான் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவந்தார். அது அடித்தால் நிறுத்துவது, வேறெதற்கும் இல்லை. அக்கா அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். "இருமக்கூடப் பயமா இருக்குடா" என்றாள். சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் அத்தான் சாமான் அறைக்கு வந்து, கால் உடைந்த ஸ்டூல் என்றுகூடப் பார்க்காமல் உட்காரப் போனார். பிடித்து நிறுத்தி வேறு ஸ்டூல் போட்டேன்.

"பாதிக்குப் பாதி, மாப்ள."

அவர் காது மடல் சிவந்திருந்தது. ஒரு வாத்தியார், முதல் வருஷப் பையன் செய்கிற தப்பைச் செய்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவருக்காக வெட்கப்பட்டேனா, எனக்காகவா என்று கேட்டால், இரண்டுக்கும்தான்.

"மேடை ஏறுற அன்னைக்குத் தலைவலின்னு லீவு போட்டுடுங்க அத்தான். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். யாருக்குத் தெரியப்போகுது? அந்தப் பொண்ணு வாயைத் திறக்காது."

"வலதுன்னு சொல்ல மேடை ஏற இருந்தேன்ல? இல்லைன்னு சொல்லவும் அதே மேடைதான்" என்றார்.

ஒன்றே ஒன்று செய்தார். அக்காவிடம், "நீ அரங்குக்கு வர வேண்டாம்" என்றார். புதுத்துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. அக்கா "சரி" என்றாள். அந்த 'சரி' எனக்குப் பிடிக்கவே இல்லை.

அரங்கு நிறைந்திருந்தது. பேய் சார் பேசுகிறார் என்றால் சும்மாவா? பின்வரிசைப் பையன்கள் விசிலுக்குத் தயாராக இருந்தார்கள். அத்தான் பெட்டியைக் காட்டினார். கல்லூரியில் என்ன வந்தது, வீட்டில் என்ன வந்தது என்று சொன்னார். அதுவரை நல்ல அமைதி. அப்புறம், "வீட்டுல வந்தது எல்லாம் தப்பு. எப்ப நிறுத்துறதுன்னு நான் முன்கூட்டி முடிவு பண்ணலை. முடிவு பண்ணி எடுத்தா ஒண்ணுமே இல்லை. நான் பத்திரிகையில எழுதினதைத் திரும்ப வாங்கிக்கறேன்னு எழுதி அனுப்பிட்டேன்" என்றார். ஒரு சலசலப்பு எழுந்தது. முன்வரிசையில் யாரோ தொடையில் தட்டிச் சிரித்தார்கள்.

எங்கள் ஹெட் எழுந்து நின்றார். மனுஷருக்கு இந்த நாளுக்காகவே உயிர் வாழ்ந்த மாதிரி ஒரு களை.

"ஒரு சின்னச் சந்தேகம் சார். காலேஜ்ல பெல் நிறுத்திச்சு. வீட்டுல யார் நிறுத்தினது?"

அத்தான் மைக்கைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். "நான்தான். பசிச்சா எழுந்துடுவேன்."

அரங்கு வெடித்துச் சிரித்தது. "பசியில பேயும் ஓடிப்போச்சா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று திரும்பினேன். பின் கதவுக்குப் பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். புதுத்துணியில்தான். நான் பார்க்கப் பார்க்கவே வெளியே போய்விட்டாள்.

அத்தானோடு வீட்டுக்கு நடந்தேன். அவருக்கு ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. "அவளை இழுக்காம முடிச்சுட்டேன் மாப்ள" என்று இரண்டு தடவை சொன்னார். அக்கா வந்திருந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் வாயை மூடிக்கொண்டே வந்தேன்.

அக்கா பழைய துணிக்கு மாறி, சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் அங்கதான் இருந்தேன்" என்றாள்.

அத்தான் திகைத்துப் போனார். "பயப்படாத. உன் பேச்சையே எடுக்கலை."

"அதான் பார்த்தேனே. எடுக்கலை." அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "உங்க ஆராய்ச்சி எனக்குப் புரியாது. சரி. பத்திரிகையில போட்டப்போ பல்பு வித்தவனுக்குக்கூட நன்றி எழுதினீங்க. நான் ஏதாவது கேட்டேனா? அதுல நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. அது தப்பாப் போச்சு. அந்தத் தப்பையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க. அதுலகூட எனக்குப் பங்கு இல்லையா?"

"உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்கன்னுதான்..."

"சிரிக்கட்டுமே! உங்களைப் பார்த்து ஊரே சிரிச்சுது. நான் என்ன ஓடியா போயிட்டேன்? கடைக்குப் போனா பேய் சார் பொண்டாட்டின்னாங்க. ஆமாங்கன்னு சொல்லிட்டுச் சாமானை வாங்கிட்டு வந்தேன். உங்களுக்கு என்னைச் சொல்ல அவ்வளவு வெக்கமா?"

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பி நடக்கவும் முடியவில்லை. அத்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனையோ பேர் சிரித்தபோது இறங்காத தலை அப்போது இறங்கியது.

"பசிச்சா எழுந்துடுவேன்னு சொன்னது பொய்" என்றார் கடைசியில். "எனக்குப் பசிக்கிறதே தெரியாது. நீ கூப்பிட்டாத்தான் தெரியும்."

அக்கா உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் டீ நேரத்தில் ஆசிரியர் அறைக்கு ஒரு டப்பா சாக்பீஸ் கொண்டுபோனேன். எல்லாரும் இருந்தார்கள். பேச்சு நேற்றைய கூத்தைப் பற்றித்தான். என்னைக் கண்டதும் ஒருவர் குரலைத் தாழ்த்தினார், இன்னொருவர் தாழ்த்தவே இல்லை. அப்போது அத்தான் உள்ளே வந்தார். உட்காரவில்லை. நேராக ஹெட்டின் முன்னால் போய் நின்றார்.

"நேத்து நீங்க ஒண்ணு கேட்டீங்க. நான் தப்பான பதில் சொல்லிட்டேன். வீட்டுல நிறுத்தினது நான் இல்லை. என் மனைவி. நான் சிரிச்ச முகமா இருக்கும்போது சாப்பிடக் கூப்பிடுவா. அவ்வளவு வருஷம் வலப்பக்கம் வந்தது அதனாலதான்."

அறை ஒரு நிமிஷம் முழித்தது. பிறகு கொல்லென்று சிரிப்பு. ஒருவருக்குப் புரை ஏறிவிட்டது. நான் சாக்பீஸ் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். இதைவிட மானம் கப்பலேற வழியே இல்லை என்று நினைத்தேன்.

"அடடா! அப்போ அந்தக் கட்டுரையில உங்க வீட்டம்மா பேரையும் சேர்த்துப் போட்டிருக்கணுமே சார்!" என்றார் ஹெட்.

"ஆமா சார். போட்டிருக்கணும்" என்றார் அத்தான். "மத்தது எதுக்கும் எனக்கு வெக்கம் இல்லை. எண்ணிப் பார்த்தேன், இல்லைன்னு தெரிஞ்சுது. ஒரே மேஜையில உட்கார்ந்துட்டு, எதிர்ல நின்னவ என்னைப் பார்த்துட்டு இருந்ததை மட்டும் நான் எண்ணவே இல்லை. அதுக்குத்தான் வெக்கமா இருக்கு."

ஒன்றிரண்டு பேர் இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஹெட் டீயைக் குடிக்க ஆரம்பித்தார். அத்தான் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அறையைப் பூட்டிவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்."

"ஐயையோ, மானம் போச்சே!" என்று இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். காது வரை சிவந்துவிட்டது. பிறகு கையை எடுத்துவிட்டு, மடித்த துணியை ஓரமாகத் தள்ளி எனக்கு உட்கார இடம் பண்ணினாள்.

"அந்த ஹெட் அப்ப அங்கதான் இருந்தானா? நீ முதல்லேருந்து சொல்லுடா" என்றாள்.